எவர்சில்வர் தட்டில் ஒட்டகச்சிவிங்கி

மூன்றாம் நாள் காலை வரைக்கும் அவர்களைப் பார்க்க வந்தது நான்கு கினிக்கோழிகள்தான். அவையும் கண்ணாடிக் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இதற்கா இவ்வளவு தூரம் நடந்தோம் என்று சலித்துக்கொண்டதுபோல் புல்லுக்குள் போய்விட்டன.

செண்பகவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோவில்பட்டியில் முப்பத்து நான்கு வருடம் பெண்பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்திய டீச்சர், அறுபத்து மூன்று வயதில், ஆப்பிரிக்காவுக்கு வந்து உட்கார்ந்து அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டாள். சாயங்காலம் நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் ஓர் ஒட்டகச்சிவிங்கி வந்தாக வேண்டும். ஒன்றே ஒன்று போதும். நம் கழுத்திலும் ஏழு எலும்பு, அதன் கழுத்திலும் ஏழே எலும்பு என்று வருடம் தவறாமல் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னவள், அந்தக் கழுத்தை உயிரோடு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

விழைமானி வந்த பிறகுதான் உலகம் இப்படி ஆகிப்போனது. ஒரு விலங்கின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது, இதயம் எப்படி அடிக்கிறது, தோலில் சூடு எங்கே ஏறுகிறது என்பதையெல்லாம் தூரத்திலிருந்தே கணித்து, நடப்பது அதற்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று நூற்றுக்கு இத்தனை என எண் போட்டுச் சொல்லிவிடும் கருவி அது. முதலில் மாட்டுப் பண்ணைகளில் வைத்தார்கள். பிறகு கோயில் யானைகளிடம் வைத்தார்கள். ஒன்று பாக்கியில்லாமல் எல்லா யானையும் போக விரும்பின, போய்விட்டன. பூனைகளிடம் வைத்துப் பார்த்தவர்கள், எதைக் காட்டினாலும் எண் பத்தைத் தாண்டவில்லை என்று கருவியைப் பழுதுபார்க்கத் திருப்பி அனுப்பினார்கள். கருவியில் பழுது ஒன்றும் இல்லை. ஆட்டிடம் மட்டும் யாரும் வைக்கவில்லை. அது என்ன சொல்லும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு வந்ததுதான் இசைவுச் சட்டம். தன்னைப் பார்ப்பதை விரும்பாத விலங்கைத் தேடிப்போய்ப் பார்க்கக் கூடாது என்றது சட்டம். ஆப்பிரிக்கச் சமவெளிகளில் ஜீப்புகள் நின்றன. அதற்குப் பதிலாகப் புல்வெளி நடுவே கண்ணாடிக் கூடுகளைக் கட்டி மனிதர்களை உள்ளே உட்கார வைத்தார்கள். விருப்பமுள்ள விலங்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். தீனி காட்டியோ, குரல் கொடுத்தோ, ஆடிப்பாடியோ அழைத்தால் அனுமதி ரத்து. கூட்டின் சுவர் சத்தத்தை வெளியே விடும், வாசனையை விடாது.

உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் பழுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, மூச்சு விடவும் பயந்து, ஆடாமல் அசையாமல் புல்வெளியையே பார்த்தபடி மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கினிக்கோழியோடு ஊர் திரும்பினார்கள். வரிக்குதிரை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஊரில் மேடை போட்டு மாலை மரியாதை செய்தார்கள்.

செண்பகவல்லிக்கு ஓல்கெசேனி சமவெளியில் அனுமதி கிடைக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. அனுமதி மூன்று பேருக்கு. விண்ணப்பத்தில் எழுதிய மூன்று பேரும் வந்தால்தான் செல்லும், ஒருவர் குறைந்தாலும் கதவு திறக்காது. அன்றைக்கு அவள் தன் பெயரையும், கணவர் சொரிமுத்து பெயரையும், தன் ஒரே அண்ணன் ஆவுடையப்பன் பெயரையும் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்த மறுவருடம் அந்த இரண்டு ஆண்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. மூத்த மகள் கோமதியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லை. எத்தனையோ மாறிவிட்ட உலகத்தில் கல்யாணப் பத்திரிகை மட்டும் மாறாமல், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய காகிதமாகவே இருந்தது. அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதும் மாறவில்லை.

செண்பகவல்லிக்காக இரண்டு பேரும் வந்தார்கள். விமானத்தில் அவள் நடுவில். கூட்டுக்குள்ளும் அவள் நடுவில். "அவாளுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்பார் சொரிமுத்து. "வேண்டாம்னு சொல்லு" என்பார் ஆவுடையப்பன். இரண்டு பேருக்கும் இடையில் மூன்றடி தூரம்கூடக் கிடையாது.

அவள் காதில் மொழிச்செவி மாட்டியிருந்தார்கள். குழுத்தலைவி ஒருத்திக்குத்தான் அது உண்டு. இரண்டு மைல் தள்ளிக் காவல் கோபுரத்தில் இருந்த நாசெரியான் என்ற வழிகாட்டிப் பெண் தன் மாசாய் மொழியில் பேசுவதை, அது சுத்தமான செந்தமிழில் காதுக்குள் சொல்லும்.

"அம்மையீர், விலங்குகள் எவையும் தங்கள் திசையில் ஆர்வம் கொள்ளவில்லை. வருந்துகிறேன்" என்றது மொழிச்செவி பன்னிரண்டு மணிக்கு.

"சரிம்மா. நீ என்ன செய்வ" என்றாள் செண்பகவல்லி. கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தாள். ஏதாவது ஒரு விலங்குக்கு ஆசை வந்தால் மஞ்சளாக எரிய வேண்டிய விளக்கு. கினிக்கோழிகளுக்குக்கூட எரியாமல், மூன்று நாளாக இருட்டாகவே கிடந்தது.

இனிமேல் என்ன, சாப்பாட்டையாவது முடிப்போம் என்று புல்வெளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையில் கடைசி வேளைக்கு மிச்சம் இருந்தது. கணவருக்கு ஒரு தட்டு வைத்தாள். இன்னொரு தட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்து அண்ணன் முன்னால் வைத்தாள். நல்ல கனமான எவர்சில்வர் தட்டு. அவளுடைய கல்யாணத்துக்கு வந்த சீர்த் தட்டு என்பது, வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நடுவில் கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது: அண்ணன் ஆவுடையப்பன் அன்பளிப்பு.

ஆவுடையப்பன் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏளா செம்பகம், தட்டுலயாவது எம் பேரு இருக்கே. அத அழிக்காம வச்சிருக்கியளே, அதுவரைக்கும் சந்தோசம்" என்றார்.

சொரிமுத்து வாயில் வைத்த கவளத்தை விழுங்கினார். "உங்க அண்ணன் சாப்பிடுத நேரத்துல என்ன பேச்சு பேசுதாவன்னு கேளு."

"ஏன், அவரு நேரா கேக்க மாட்டாரோ?"

"கேப்பேனே. எனக்கென்ன பயமா?" என்று சொரிமுத்து முகத்தைத் திருப்பினார். பதினொரு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான். "சொல்லுங்க மச்சான். என்ன சொல்லணும்?"

"என்ன சொல்லணுமா? வெத்தலபாக்கோட பத்திரிகையை எங் கையில கொண்டாந்து குடுத்தீரே மாப்ளே, அத நீரு ஒரு தடவ வாசிச்சீரா? ஒம்ம சித்தப்பா பேரு இருக்கு. சித்தப்பா மருமவன் பேரு இருக்கு. சமையக்காரன் பேரு மட்டுந்தான் இல்ல. தாய்மாமன் எங்கவே?"

"அச்சகத்துல விட்டுப்போச்சுன்னு ஆயிரந் தடவ சொல்லியாச்சு. நாந்தான் சரியாப் பாக்கல. எந் தப்புதான். அதுக்காக இப்படியா? எங்க அக்கா வீட்டுக்காரரு, குத்தாலிங்கம் அத்தான், அவாளுக்குக் காப்பியில சீனி கொறஞ்சாக்கூட அவமானப்படுத்திட்டாங்கன்னு எந்திரிச்சிருவாவ. பத்திரிகையில தம் பேரு கீழ போச்சுன்னு கோவிச்ச அவாளே ரெண்டு வருசத்துல கோவம் தணிஞ்சு பேசிட்டாவ. நீங்க பேசலயே!"

"அவரு பேரு எட்டாவதா இருந்துதுவே! எம் பேரு எங்க இருந்துது?"

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். பத்திரிகையின் பிரூஃபைச் சரிபார்த்தது சொரிமுத்து இல்லை, அவள்தான். பரீட்சைப் பேப்பர் திருத்தும் முகாமிலிருந்து கண்ணெல்லாம் எரிய வந்து, நின்ற மேனிக்கு அதை வாசித்தாள். "நல்வரவை பெரிதும்" என்பதில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. சிவப்பு மையால் ஒற்றைப் போட்டுச் சுழித்து, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஒற்று இல்லாததைக் கண்டுபிடித்தவளுக்கு அண்ணன் இல்லாதது கண்ணில் படவில்லை. விஷயம் வெடித்தபோது சொரிமுத்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாந்தான் பாத்தேன்" என்று ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டார். இவளும் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் சொல்லியிருந்தால் போயிருக்கும். ஒரு மாதம் கழித்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வருடம் கழித்துச் சொல்ல முடியாததாகவே ஆகிவிட்டது.

"ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்று அவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள். அப்போது அவள் மடிமேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மையீர்" என்றது மொழிச்செவி. செந்தமிழாக இருந்தாலும் நாசெரியானுக்கு மூச்சு வாங்குவது தெரிந்தது. "திரும்பிப் பார்க்க வேண்டாம். தங்கள் முதுகுப்புறம் வரிக்குதிரைகள் பதினெட்டு வந்து நிற்கின்றன. மேற்கிலிருந்து ஒட்டகச்சிவிங்கிகள் மூன்று நடந்து வருகின்றன. என் பணிக்காலத்தில் இவ்வாறு நிகழ்ந்ததில்லை. தாங்கள் செய்துகொண்டிருப்பது எதுவாயினும் அதையே தொடருங்கள்."

செண்பகவல்லியின் கழுத்து தானாகத் திரும்பப் போனது.

"திரும்பினால் போய்விடும்! முதல் வரிக்குதிரை வந்தபோது தங்கள் கணவர் ஒரு கணம் வெளியே பார்த்தார், அது உடனே விலகியது. அவர் மைத்துனரைப் பார்க்கத் தொடங்கியதும் மறுபடி வந்தது."

அவள் ஆசிரியை. சட்டென்று புரிந்துவிட்டது. அசையாமல், சத்தமில்லாமல், இரண்டு கண்ணையும் நேராக வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்கிற பிராணி சமவெளியில் எது? சிங்கம். இத்தனை வருடமாக உலகமெல்லாம் பழுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து சிங்கம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எந்த ஒட்டகச்சிவிங்கி பக்கத்தில் வரும்? தன் பாட்டுக்கு ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கிற பிராணி என்றால் பயமில்லை. பயமில்லை என்றால் வேடிக்கை பார்க்கலாம்.

புரிந்து என்ன பிரயோஜனம்? வாழ்நாள் பூராவும் பார்க்க ஆசைப்பட்டது முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. பார்த்தால் போய்விடும்.

அண்ணன் சோறு வாங்காமல் நகர்த்தி வைத்த தட்டு கண்ணில் பட்டது. சோறு எடுப்பதுபோல் அதை எடுத்து மறுபடி ஒரு தடவை நன்றாகத் துடைத்து, மடியில் சாய்த்துப் பிடித்தாள். முதலில் வானம் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்தாள். புல், ஒரு முள்மரம், கறுப்பு வெள்ளையாக ஏதோ கூட்டம். இன்னும் ஒரு நூல் சாய்த்தாள்.

அண்ணன் ஆவுடையப்பன் அன்பளிப்பு என்ற எழுத்துக்கு மேலே ஒட்டகச்சிவிங்கி நின்றது.

தட்டின் விளிம்பில் கழுத்து கொஞ்சம் வளைந்து தெரிந்தது. ஆனால் உயிருள்ள கழுத்து. அது மெதுவாக ஓரடி எடுத்து வைத்தது, நின்றது, காதை முன்னால் மடக்கிக் கேட்டது. செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. கரும்பலகையில் அவள் போட்ட படத்தில் காலை எப்போதும் குட்டையாகப் போட்டுவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. முப்பத்து நான்கு வருடம் தப்பாகப் போட்டிருக்கிறாள். அதற்காக வெட்கப்படக்கூட நேரமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

"சரி, விடுங்க மச்சான்" என்றார் சொரிமுத்து, களைத்துப்போய். "பழசக் கிளறி என்ன ஆகப் போவுது."

"ஆமா. என்ன ஆகப் போவுது" என்றார் ஆவுடையப்பனும்.

விளக்கு மங்கியது. தட்டுக்குள் ஒட்டகச்சிவிங்கி தலையை உயர்த்தி வேறு பக்கம் பார்த்தது.

"அதெப்படி விடுறது?" என்று செண்பகவல்லி சொன்னாள்.

இரண்டு ஆண்களும் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்கள். பதினொரு வருடமாக இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொண்டிருந்தவள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் விறகை எடுத்துப் போட்டாள். "பத்திரிகையில பேரில்லன்னு தெரிஞ்ச அன்னைக்கு வாசல்ல வச்சு அண்ணன் உங்கள என்ன சொன்னாவ? இவன் பேச்சைக் கேட்டு என் தங்கச்சியக் கட்டிக் குடுத்தேன் பாருன்னு சொல்லலயா? நாலு பேரு கேட்டுக்கிட்டுல்லா நின்னாங்க. மறந்துட்டீங்களா?"

சண்டையை மூட்டிவிடக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

சொரிமுத்துவுக்கு அது மறந்துதான் போயிருந்தது. இப்போது ஞாபகம் வந்தது. முகம் சிவந்தது. "ஆமா, சொன்னீங்கல்லா? நான் ஒங்களுக்கு என்ன கொற வச்சேன்?" என்று எழுந்தே விட்டார். ஆவுடையப்பனும் எழுந்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. தட்டுக்குள் ஒட்டகச்சிவிங்கி இன்னும் பக்கத்தில் வந்தது. அதன் கொம்பு நுனியில் கறுப்பு முடிகூடத் தெரிந்தது. பின்னால் வரிக்குதிரைகள் காது விறைக்க வரிசையாக நின்றன. செண்பகவல்லி வாய் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எழுபத்தெட்டு" என்று மொழிச்செவி முணுமுணுத்தது. "விழைமானியில் இந்த எண்ணை நான் கண்டதில்லை."

"கொறையா?" ஆவுடையப்பனின் குரல் உடைந்தது. "மாப்ளே, கல்யாணத்துக்கு நான் வரலன்னுதானே நெனச்சிக்கிட்டு இருக்கீரு? வந்தேன்வே. பட்டு வேட்டி கட்டி, கோமதிக்கு மாலையும் வாங்கிட்டு மொத பஸ்ஸுல வந்தேன். மண்டபத்துக்கு எதுத்தாப்புல சைக்கிள் கடை நெழல்ல நின்னேன். பேரில்லாத எடத்துக்குள்ள எப்படி நொழையன்னு காலு வரல. கெட்டிமேளம் கேட்டுது. ரோட்டுல நின்னே அட்சதையப் போட்டேன். பொறவு பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி தின்னுட்டு ஊருக்குப் போயிட்டேன். எந் தங்கச்சி மவ கல்யாணத்துல நான் தின்ன சாப்பாடு அதான்."

எழுந்து நின்ற சொரிமுத்து மெல்ல உட்கார்ந்தார்.

செண்பகவல்லி தட்டைப் பார்த்தாள். ஒட்டகச்சிவிங்கி அங்கேயே நின்றது, எழுத்து அதன் மார்பை மறைத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை போட்டால், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால் சண்டை முடிந்துவிடும், எல்லாம் போய்விடும். பன்னிரண்டு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் சைக்கிள் கடை நிழலில் பட்டு வேட்டியோடு நிற்கிற அண்ணனை இனி அவளால் தாங்க முடியாது.

தட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, பிரூஃப் பாத்தது அவுக இல்ல. நான்" என்றாள். "நாந்தான் கையெழுத்துப் போட்டேன். உங்க பேரு விட்டுப்போனது எங் கண்ணுல படல. அவுக எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாவ. நானும் பதினோரு வருசமா வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

ஆவுடையப்பன் தங்கையைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். சொரிமுத்து, திருடியவர் பிடிபட்டதுபோல் தலையைச் சொறிந்தார்.

"இதச் சொல்லியிருக்கலாம்லா மாப்ளே?"

"சொன்னா உங்க தங்கச்சிகிட்ட பேச மாட்டீங்க. அது தாங்காது அவளுக்கு. எங்கிட்ட பேசாட்டி என்ன, நான் தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

ஆவுடையப்பன் பொத்தென்று உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் செண்பகவல்லி நினைத்தாள். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. "ஏளா, ஒத்தெழுத்து விட்டுப்போனா முட்டி போட வைப்பியாமே பிள்ளைகள! ஆறடி அண்ணன் விட்டுப்போனது தெரியலயா ஒனக்கு?"

அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். சொரிமுத்து மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வெளியே இருந்த உலகத்தைச் சுத்தமாக மறந்துபோனார்கள்.

மேலே ஏதோ நிழல் விழுந்தது. செண்பகவல்லி நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், அந்த ஏழு எலும்புக் கழுத்தை வளைத்து ஒட்டகச்சிவிங்கி குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. கண் ஓர் எலுமிச்சம்பழ அளவு இருந்தது. இமை முடி நீளமாக, ஈரமாக இருந்தது. அவள் நேராக அதைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது.

"மச்சான், அங்க பாருங்க!" என்று சொரிமுத்து கத்தினார். ஆறு கண்ணும் ஒன்றாகத் திரும்பின. ஒட்டகச்சிவிங்கி பின்வாங்கி, அவசரமில்லாமல் திரும்பி, மற்ற இரண்டோடு சேர்ந்து முள்மரங்களுக்குள் போய்விட்டது. வரிக்குதிரைகளும் போயின. செண்பகவல்லிக்கு ஒரு குறையும் இல்லை. மிச்சமிருந்த புளியோதரையை அண்ணன் தட்டில் அள்ளி வைத்தாள். அவர் வழித்துச் சாப்பிட்டார்.

நாசெரியான் எழுதிய அறிக்கை உலகத்தைச் சுற்றி வந்தது. விலங்குகளைப் பார்க்க வேண்டுமானால் அவற்றைப் பார்க்காமல், உங்களுக்குள் மும்முரமாக இருங்கள் என்று எல்லாக் கூடுகளிலும் எழுதி ஒட்டினார்கள். சிலர் சீட்டு ஆடிப் பார்த்தார்கள்; நாலு மான் வந்தது. சிலர் பொய்ச் சண்டை போட்டார்கள், குரங்குகள்கூட நிற்கவில்லை. நிஜமாக மனம் கொதிக்கிற சண்டைக்குத்தான் சமவெளி கூடியது. கொஞ்ச நாளில் சண்டையுள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை என்று விதியே வந்துவிட்டது. அவர்கள் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டாம், ஆறு மாதம் போதும். வீட்டுச் சண்டையை யாரும் இப்போது வீட்டில் போட்டு வீணாக்குவதில்லை. சமாதானம் பேச வந்த பெரியவர்களிடம், "ஆப்பிரிக்கா போயிட்டு வந்துருதோம், அப்புறம் பேசலாம்" என்றார்கள். பங்காளிகள் வழக்கை ஒத்திவைத்துவிட்டு விமானம் ஏறினார்கள். நாலு சுவருக்குள் மூன்று நாள் இருந்ததில் அநேகம் பேர் சமாதானமாகித் திரும்பினார்கள். யானை பார்த்த சந்தோஷம் வேறு.

பெருமை சேர்த்த குடும்பம் என்று செண்பகவல்லி குடும்பத்தை மறுவருடம் இலவசமாக அழைத்தார்கள். மூன்று பேரும் போனார்கள். இப்போது ஆவுடையப்பன் தினமும் காலைக் காப்பிக்குத் தங்கை வீட்டுக்கு வருகிறவர். மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் படிக்கிறவர்கள். கூட்டுக்குள் அவர்கள் சிரித்துப் பேசினார்கள். ஒருவருக்கொருவர் அப்பளத்தை உடைத்துக் கொடுத்தார்கள். முதல் நாள் கினிக்கோழிகள் வந்தன. இரண்டாம் நாள் அவையும் வரவில்லை.

"அம்மையீர், தங்களிடம் இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று அவை கருதுகின்றன" என்றாள் நாசெரியான் மரியாதையாக. "அடுத்த முறை சிங்கக் கூட்டில் இடம் தரலாம். சிங்கங்கள் வருவதற்கு விழைமானியின் எண் தொண்ணூறையாவது தொட வேண்டும்."

சிங்கம். செண்பகவல்லி விமானத்தில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

தை பிறந்ததும் இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை பிரூஃப் வந்தது. கூடத்தில் இரண்டு ஆண்களும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லி மேசையில் விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, எழுத்தெழுத்தாக வாசித்தாள். தாய்மாமன் ஆவுடையப்பன் பெயர் எல்லாருக்கும் மேலே, கொட்டை எழுத்தில், தங்க மையில் இருந்தது. சித்தப்பா பெயர் இருந்தது. சித்தப்பா மருமகன் பெயர் இருந்தது. எட்டாவது இடத்துக்கு வந்தாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

காப்பிச் சீனிக்கே கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிற குற்றாலிங்கம் அத்தான் பெயர் இல்லை.

சிவப்புப் பேனாவைத் திறந்தாள். பாவம்தான் என்று தோன்றியது. பாவம் என்ன, மூன்று நாளில் சரியாகிவிடும் என்றும் தோன்றியது. அதற்கு அவளே சாட்சி.

"என்ன செம்பகம், எல்லாம் சரியா இருக்கா? நல்லாப் பாத்தியா?" என்று கூடத்திலிருந்து சொரிமுத்து கேட்டார்.

"ஓர் ஒற்று விட்டிருக்கான்" என்றாள் அவள். ஒற்றைப் போட்டுச் சுழித்தாள். கீழே, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சமவெளியின் சிங்கக் கூட்டு விண்ணப்பத்தை எடுத்தாள். முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது கணவருடையது, இரண்டும் முன்பே எழுதியிருந்தன. மூன்றாவது கட்டத்தில், பிழையில்லாமல், நிறுத்தி நிதானமாக எழுதினாள்: திரு. குற்றாலிங்கம்.